சொன்ன நேரத்தில் மீண்டும் தெரிந்த சூப்பர்நோவா

சிம்ம ராசி இருக்கும் திசையில், சுமார் 500 கோடி ஒளியாண்டு தொலைவில் ‘மேக்ஸ் ஜே1149’ என்ற மாபெரும் கேலக்ஸிக் கொத்து உள்ளது. கேலக்ஸிகளும், அவற்றைச் சூழ்ந்த வெப்ப வாயுவும், எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளும் அங்கே திரண்டிருக்கின்றன. இவ்வளவு நிறையும் சேர்ந்து சுற்றியுள்ள வெளியையே வளைத்துவிடுகிறது. பின்னாலுள்ள கேலக்ஸியின் ஒளி அந்த வளைவைக் கடக்கையில் திசை மாறுகிறது. உருவம் பெரிதாகிறது, வில்போல் நீள்கிறது, சில நேரம் பல பிம்பங்களாகப் பிரிகிறது. இதுவே ஈர்ப்பு வில்லை. கேலக்ஸிகள் இப்படிச் செயல்படக்கூடும் என்று வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1937இலேயே எழுதினார். ஏபெல் 370 என்ற கொத்தில் தெரிந்த பெரிய ஒளிவில், அதற்கு வெகு பின்னாலுள்ள ஒரு கேலக்ஸியின் பிம்பமே என்பது 1980களின் இறுதியில் உறுதியானது.

2014 நவம்பரில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களில், மேக்ஸ் ஜே1149 கொத்திலுள்ள ஒரு கேலக்ஸியைச் சுற்றி நான்கு புதிய ஒளிப்புள்ளிகள் இருப்பதை வானியலாளர் பேட்ரிக் கெல்லி கண்டார். நான்கும் ஒரே சூப்பர்நோவா. வெடித்த விண்மீன் இருந்தது கொத்துக்கு வெகு பின்னாலுள்ள ஒரு சுருள் கேலக்ஸியில். அந்த ஒளி புறப்பட்டு 900 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இதைவிட வியப்பானது அடுத்து நடந்தது. பிம்பம் ஒவ்வொன்றின் ஒளியும் வேறுவேறு வழியில் வருகிறது. வழியின் நீளம் ஒன்றுபோல் இல்லை. ஈர்ப்பு மிகுந்த இடத்தைக் கடக்கும் ஒளி கூடுதலாகத் தாமதிக்கும். கொத்தின் நிறை எங்கெங்கே எவ்வளவு என்று கணித்த ஆய்வுக்குழுக்கள், அதே வெடிப்பு சுருள் கேலக்ஸியின் இன்னொரு பிம்பத்தில் ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தெரியும் என்று முன்கூட்டியே அறிவித்தன. 2015 டிசம்பர் 11 அன்று ஹபிள் அந்த இடத்தைப் படம் பிடித்தது. சூப்பர்நோவா அங்கே இருந்தது. ஒரு சூப்பர்நோவா எப்போது, எங்கே தெரியும் என்று முன்னரே சொல்லிவைத்துப் பார்த்தது அதுவே முதல்முறை. கண்ணுக்குத் தெரியாத பொருளின் பரவலைக் கணித்தது பெருமளவு சரி என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை கிடைப்பது அரிது.

நார்வே நாட்டவரான ஷூர் ரெஃப்ஸ்டாலின் பெயரே இந்தச் சூப்பர்நோவாவுக்கு இடப்பட்டது. இத்தகைய காலத் தாமதத்தைக் கொண்டு பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளக்கலாம் என்று 1964இல் சொன்னவர் அவர். அவ்வாறு அளந்த முடிவு 2023இல் வெளியானது: ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர். இது, அருகிலுள்ள சூப்பர்நோவாக்களைக் கொண்டு கிடைத்த 73ஐவிட, ஆதிப் பிரபஞ்சத்தின் நுண்ணலைக் கதிர்வீச்சு தரும் மதிப்புக்கே நெருக்கமானது. ஆனாலும் பிழைவரம்பு பெரிது. ஒரே ஒரு சூப்பர்நோவாவை வைத்து, இந்த இரு மதிப்புகளில் எது சரி என்ற வழக்கை முடித்துவிட முடியாது.