மாடியில் வீடு; கீழே மின்சாரக் கார்; பிளக் எங்கே?

சமையல் அறையில் ஸ்கூட்டர் நின்றது!

கதை அல்ல. 2021-ம் ஆண்டு பெங்களூரில் நடந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் குடியிருந்த ஒருவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். பல மாதம் பேச்சு நடந்தது. அனுமதி கிடைக்கவில்லை. ஒரு நாள் ஸ்கூட்டரை லிப்டில் ஏற்றினார். ஐந்தாவது மாடிக்குக் கொண்டு போனார். சமையல் அறையில் நிறுத்தி, அங்கிருந்த பிளக்கில் ஒயரைச் செருகினார். அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்கூட்டரை லிப்டில் ஏற்றலாம். காரை ஏற்ற முடியுமா?

வண்டலூரில் இருந்து செங்கல்பட்டு வரை ரெயில் பாதை ஓரமாகவும், நாவலூரில் இருந்து திருப்போரூர் வரை பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாகவும் மாடிக் கட்டிடங்கள் எழும்பி நிற்கின்றன. அவற்றின் அடியில், தூண்களுக்கு நடுவே, பச்சை நம்பர் பலகை போட்ட கார்கள் வந்துவிட்டன. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த மின்சாரக் கார். பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக் கார். 2018-ல் மத்திய சர்க்கார் செய்த ஏற்பாடு இது.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஐந்து ரதங்கள் இருக்கின்றன. 1,300 ஆண்டுகளுக்கு முன் பாறையைக் குடைந்து செய்தவை. பார்க்க அழகு. ஆனால் ஓர் அங்குலமும் நகராது. சார்ஜ் இல்லாத மின்சாரக் காரும் அப்படித்தான்.

போர்டின் மனைவி ஓட்டிய கார்

மின்சாரக் கார் ஏதோ நேற்று வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1899-ம் ஆண்டிலேயே மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் கார் மின்சாரக் கார்தான். பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவர் ஓட்டினார்.

இன்னொரு வேடிக்கை. பெட்ரோல் காரை ஏழை எளியவரும் வாங்கும்படி செய்தவர் அமெரிக்காவின் ஹென்றி போர்டு. அவருடைய மனைவி கிளாரா எந்தக் காரை ஓட்டினார் தெரியுமா? மின்சாரக் கார்! கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை முடுக்க வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை. அவர் ஓட்டிய 1914-ம் வருடத்துக் கார், வேறு ஒரு கம்பெனி செய்தது. கணவர் கம்பெனியின் கார் அல்ல!

அந்த போர்டு கம்பெனிதான் பின்னாளில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்தது. 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. ஆனால் அதே வட்டாரத்தில், மகேந்திரா சிட்டியில், வேறு வேலை நடந்தது. மகேந்திரா கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் மின்சாரக் கார்கள் உருவாயின. 2024 நவம்பர் 26-ந் தேதி சென்னையில் இரண்டு புதுக் கார்களை வெளியிட்டார்கள். பி.எம்.டபிள்யூ. கம்பெனியும் தன் செங்கல்பட்டுத் தொழிற்சாலையில் மின்சாரக் காரைப் பூட்டத் தொடங்கியது.

போதாததற்கு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். முதல் உலை 1984-லும், இரண்டாவது உலை 1986-லும் முழு அளவில் மின்சாரம் தரத் தொடங்கின.

கார் இங்கே. மின்சாரமும் இங்கே. இரண்டையும் சேர்க்கிற ஒயருக்குத்தான் தகராறு!

ஒரு குடும்பம்

கேளம்பாக்கத்தில் 60 வீடுகள் கொண்ட ஒரு கட்டிடம் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது மாடியில் ஒரு குடும்பம். கணவனுக்கு சிறுசேரியில் வேலை. மனைவி செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். வயதான மாமியார். பெட்ரோல் செலவு தாங்கவில்லை என்று கடன் வாங்கி மின்சாரக் கார் எடுத்துவிட்டார்கள். கார் வந்த அன்று தேங்காய் உடைத்து, எலுமிச்சம் பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, திருக்கழுக்குன்றம் கோவிலுக்கும் போய் வந்தார்கள்.

மறுநாள் மாலை கார் கம்பெனி ஆள் சார்ஜ் பெட்டியோடு வந்தார். "எங்கே மாட்டுவது சார்?" என்று கேட்டார்.

சங்கச் செயலாளர் வந்தார். "இங்கே எதையும் மாட்டக்கூடாது. கமிட்டியில் பேச வேண்டும்" என்றார்.

"ஏங்க, இதை முன்னாலேயே கேட்கவில்லையா?" என்றாள் மனைவி.

கேட்கவில்லை! கடையில் காரின் நிறத்தைக் கேட்டார்கள். எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்று கேட்டார்கள். வீட்டுச் சங்கத்தை யாரும் நினைக்கவில்லை. இப்படித்தான் பல குடும்பங்களில் நடக்கிறது. மாதத் தவணை தேதி தவறாமல் வரும். கார் மட்டும் தூணுக்குப் பக்கத்தில் தூங்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு யூனிட் மின்சாரத்தில் சிறிய கார் சுமார் 6 அல்லது 7 கிலோ மீட்டர் ஓடும். செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோ மீட்டர். போய் வர 60 கிலோ மீட்டர். பத்து யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 80 ரூபாய். பத்து ரூபாய் என்றாலும் 100 ரூபாய்தான். அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 4 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 400 ரூபாய்.

ஏர்கண்டிஷனுக்குப் போடுகிறோமே, அந்த மூன்று குமிழ்ப் பெரிய பிளக், அதில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். பத்து யூனிட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரவு சாப்பிட்டுவிட்டுச் செருகினால், நடுநிசிக்கு முன் வேலை முடிந்துவிடும். சுவரில் மாட்டும் சார்ஜ் பெட்டி மணிக்கு 7 யூனிட் ஏற்றும். ஆனால் தினம் 60 கிலோ மீட்டர் ஓடும் குடும்பத்துக்கு அது அவசியம் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிச் சண்டை தீரும். 60 வீட்டுக் கட்டிடத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் 7 யூனிட் பெட்டியைப் போட்டால் 70 கிலோவாட் வேண்டும். சாதாரண பிளக் என்றால் 33 கிலோவாட். அதிலும் முறை வைத்து, ஐந்து பேர் பத்து மணிக்கும் ஐந்து பேர் இரண்டு மணிக்கும் ஏற்றினால் 17 கிலோவாட்டில் அடங்கிவிடும்.

"நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?"

முதல் சண்டை பணத்தில் வருகிறது. மாடிப்படி விளக்கு, லிப்ட், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு ஒரு பொது மீட்டர் உண்டு. அதன் பில்லை எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில் இந்தப் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் ஆனதும் பல சங்கங்கள் பதறிப் போயின. பிறகு சிறிய கட்டிடங்களுக்கு மட்டும் குறைத்தார்கள். இந்த நிலையில் ஒருவர் காருக்குப் பொது மீட்டரில் இருந்து மின்சாரம் எடுத்தால், கார் இல்லாத மூன்றாவது மாடிப் பாட்டி கேட்க மாட்டாரா? கேட்பார். கேட்பது நியாயம்.

இதற்கு வழி இருக்கிறது. நம் ஊர்க் கட்டிடங்களில் பெரும்பாலும் எல்லா வீட்டு மீட்டர்களும் கீழே ஒரே அறையில் இருக்கும். அவரவர் மீட்டரில் இருந்து அவரவர் கார் நிற்கும் இடத்துக்குத் தனி ஒயர் இழுக்கலாம். பில் அவர் தலையில்தான் விழும். ஆனால் ஒன்று. வீட்டு மீட்டரில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். மாதம் 300 யூனிட் காருக்கே போனால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். ஆகவே காருக்குத் தனி மீட்டர் வாங்குவது நல்லதா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

தனி மீட்டர் கேட்க உரிமை உண்டா? உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றத் தனி இணைப்பு கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. புது இணைப்புக்கு நாள் கணக்கும் வைத்தார்கள். பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7 நாள், கிராமப் பகுதியில் 15 நாள். இதற்கு முன்பே, 2022 ஜனவரியில், வீட்டில் இருக்கிற இணைப்பிலேயே காருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மின்துறை வழிகாட்டிக் குறிப்பு சொல்லிவிட்டது. 2019-ல் வந்த மாதிரிக் கட்டிட விதிகளோ, புதுக் கட்டிடங்களில் வண்டி நிறுத்தும் இடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்றன.

ஆனால் விதி கமிட்டி அறைக்குள் நடந்து வராது. ஒயர் போகிற சுவர் பொதுச் சுவர். தூண் பொதுத் தூண். கார் நிற்கிற இடமும் பலர் நினைப்பது போல் சொந்த இடம் அல்ல. தூண்களுக்கு நடுவே உள்ள வண்டி இடத்தைக் கட்டியவர் தனியாக விற்க முடியாது, அது பொது இடம் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பம்பாய் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் காரியம் நடப்பது கஷ்டம்.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் இதே தொல்லை இருந்தது. அங்கே தனியார் மாடி வீட்டைக் காண்டோ என்பார்கள். முன்பு நூற்றுக்கு 90 ஓட்டு வேண்டியிருந்த இடத்தில், பாதிக்கு மேல் போதும் என்று சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் 2023 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2012 முதலே, நியாயமான காரணம் இல்லாமல் சங்கம் தடுக்கக்கூடாது. இங்கே அப்படி நேரடியான சட்டம் இருந்தால், செயலாளர்களுக்குக்கூட நிம்மதிதான். பாவம், எல்லோருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயம் வீண் பயமா?

இரண்டாவது சண்டை பயத்தில் வருகிறது. "வெடித்தால் என்ன செய்வது?" என்று கேட்பவரைக் கேலி செய்யக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் என்ன நடந்தது? இரவில் சார்ஜுக்குப் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தகப்பனாரும் சிறுமியான மகளும் இறந்து போனார்கள். தமிழ்நாடே கலங்கியது. அந்த ஆண்டு வேறு பல ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் பாட்டரிச் சோதனை விதிகள் கடுமையாயின. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அவை அமுலுக்கு வந்தன.

பாட்டரி மட்டுமே குற்றவாளி அல்ல. பழைய ஒயர், தளர்ந்த பிளக், எர்த் இல்லாத இணைப்பு, ஜன்னல் வழியாகத் தொங்கவிட்ட நீட்டிப்பு ஒயர் ஆகியவையும் ஆபத்துதான். மூன்று மணி நேரம் தொடர்ந்து முழு மின்சாரம் ஓடினால் மெல்லிய ஒயர் சூடாகி உருகும். கனமான செம்பு ஒயர், தனி எர்த், கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச், இவை மூன்றும் இல்லாமல் அனுமதி தர மாட்டோம் என்று சங்கம் சொன்னால் அந்தச் சங்கத்துக்கு மாலை போடலாம். ஒன்றும் சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் சொன்னால், ஜனங்கள் திருட்டுத்தனமாக நீட்டிப்பு ஒயர் இழுப்பார்கள். எது பெரிய ஆபத்து?

இந்தப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு விசேஷத் தொல்லைகள் உண்டு. கோவளம், மாமல்லபுரம் பக்கம் உப்புக் காற்று. இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும், பிளக்கின் பித்தளை பச்சை பூக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிதான் தாங்கும். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

மற்றொன்று வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், ஊரப்பாக்கம் பக்கம் கட்டிடங்களின் கீழ்த் தளத்தில் தண்ணீர் புகுந்ததை யார் மறப்பார்கள்? 2023 டிசம்பரில் மிச்சாங் புயல். 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயல். நல்ல கார் பாட்டரிகள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனைக்கு உட்பட்டவை. இரண்டு நாள் ஊறினால் அந்தக் கணக்கு செல்லாது. சுவர் பிளக்கையும் சுவிட்சையும் பழைய வெள்ளக் குறிக்கு மேலே, ஆள் மார்பு உயரத்தில் வைக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் காரை மேட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும். ஓட்டிப் போகப் பாட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும் அல்லவா? தண்ணீரில் மூழ்கிய காரை மெக்கானிக் பார்க்கும் முன் சார்ஜுக்குப் போடவே கூடாது.

வாடகைக்கு இருப்பவர் கதி

சொந்த வீட்டுக்காரருக்கே இந்தப் பாடு. வாடகைக்கு இருப்பவர்? நாவலூரிலும் சிறுசேரியிலும் வேலைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. வீட்டுக்காரரோ வெளிநாட்டில். ஒயர் இழுக்கும் செலவை யார் ஏற்பது? காலி செய்யும்போது சார்ஜ் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். சுவருக்குள் போன ஒயரைக் கழற்ற முடியுமா? ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்வதுதான் வழி: பிளக் வைக்க வீட்டுக்காரர் சம்மதம், ஒயர் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று.

கேளம்பாக்கத்துக் குடும்பத்துக்கு வருவோம். கணவன் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். ஒயரின் கனம், எர்த், சுவிட்ச், மீட்டர் எல்லாம் குறித்து, எலக்ட்ரீஷியன் போட்ட படத்தையும் இணைத்தான். "என் மீட்டர், என் செலவு" என்று முதல் வரியிலேயே எழுதினான். பாட்டி எழுந்து, "தீப்பிடிக்காதே?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதற்கு எலக்ட்ரீஷியனையே அழைத்து வந்து பதில் சொல்ல வைத்தான். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. ஒரு மணி நேரம் தண்ணீர் லாரியைப் பற்றி!

கடைசியில், தூணுக்கு ஒரு பிளக் என்று இல்லாமல், மீட்டர் அறையில் இருந்து பத்துக் கார்களுக்குப் போதுமான ஒரே குழாய்ப் பாதை போடலாம் என்று முடிவாயிற்று. கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். செலவைப் பத்தாகப் பிரித்து, இரண்டு பங்கை அவர்கள் இப்போதே கொடுத்தார்கள். மீதி எட்டுப் பங்கை சங்கம் போட்டு, பின்னால் கார் வாங்குகிறவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்.

மூன்றாவது பங்கு யாருடையது தெரியுமா? செயலாளருடையது. அவர் மகன் காருக்கு முன்பணம் கட்டிவிட்டானாம்.