விழுந்தவன் கற்ற பிடி!

பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். முதுகெல்லாம் மண்.

"அப்பா, இனிமேல் நான் குஸ்திக்குப் போகமாட்டேன்" என்கிறான்.

ஏன்?

அவன் போட்ட பிடி ஒன்றுகூடப் பலிக்கவில்லை. பிடி போட்டவனே கீழே விழுந்தான்!

நாகமலை புதுக்கோட்டை என்றாலும் சரி, மதுரைப் பக்கத்தில் வேறு எந்த ஊர் என்றாலும் சரி, புதிதாகக் கோதாவில் இறங்கும் பையனுக்கு இப்படித்தான் நடக்கும். அவனைப் பெற்றவர்கள் ஒரு பயில்வானின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது கட்டுக்கதை அல்ல. நடந்த கதை.

லண்டனில் தோல்வி

மராட்டியத்தில் சதாரா மாவட்டத்தில் கோலேஷ்வர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1926-ம் ஆண்டில் பிறந்தவர் காஷாபா ஜாதவ். குட்டையான உருவம். தந்தையும் பயில்வான்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனார். அவர் பழகியது மண் கோதா. அங்கே இருந்ததோ மெத்தை! மண்ணில் கால் ஊன்றுவது வேறு, மெத்தையில் ஊன்றுவது வேறு. விதிகளும் புதியவை. அவருக்குக் கிடைத்தது 6-வது இடம். பதக்கம் இல்லை.

ஜாதவ் குஸ்தியை விட்டுவிடவில்லை. நான்கு ஆண்டுகள் விடாமல் பயிற்சி செய்தார்.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. போகப் பணம் இல்லை! கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். தோற்றுத் திரும்பிய மாணவனை நம்பி வீட்டையே வைத்தார்!

ஜாதவ் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒருவர் வாங்கித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். மல்யுத்தத்தில் நமக்கு அடுத்த பதக்கம் கிடைக்க 2008 வரை, 56 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிடி ஏன் தவறுகிறது?

நேராக நிற்கும் கல்தூணைத் தூக்க முடியுமா? முடியாது. சற்றுச் சாய்த்துவிட்டால்? அசைந்துவிடும்.

எதிராளியும் அப்படித்தான். அவன் நிலை தடுமாறுவதற்கு முன்பே தூக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. எட்ட நின்று இழுப்பது இரண்டாவது தவறு. செய்யப் போவதை முன்னாலேயே காட்டிக்கொடுப்பது மூன்றாவது.

நம் சடுகுடுவைப் பாருங்கள். பாடி வருபவன் இரு காலையும் ஊன்றி நிற்கும்போது பாய்ந்தால் உதறிவிட்டு ஓடிவிடுவான். அவன் ஒரு காலைத் தூக்கும் நேரம் பார்த்துப் பிடித்தால் அகப்படுவான். நாலு முறை கோட்டை விட்டவனுக்குத்தான் அந்த நேரம் தெரியும்!

விழவும் படிக்க வேண்டும்

ஜப்பானில் 1882-ல் ஜூடோவைத் தொடங்கியவர் கானோ ஜிகோரோ. ஜூடோ பழகுகிறவர்கள் முதலில் படிப்பது எறிவதை அல்ல, விழுவதை! மோவாயை மார்போடு ஒட்டி, தலை தரையில் மோதாதபடி, கையால் தரையை அறைந்து விழவேண்டும். வாத்தியார் இல்லாமல், கட்டாந்தரையில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. விழத் தெரிந்தவனுக்குப் பயம் போய்விடும். பயம் போனால்தான் தவறு எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆகையால், பையன் மண்ணோடு வீடு வந்தால், "ஜெயித்தாயா?" என்று கேட்காதீர்கள்.

"எந்தப் பிடி தவறியது? ஏன் தவறியது?" என்று கேளுங்கள்.

அதற்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், அவன் பாதிப் பயில்வான் ஆகிவிட்டான்!