மூன்றரை ஷில்லிங்குடன் கிளம்பிய கப்பல் முதலாளி

கல்லாவில் உட்காரும் முன் மூட்டை சுமந்தவர்கள் நம்மில் பலர். கடை வாசல் கூட்டி, பொட்டலம் மடித்து, பற்றுவரவு எழுதப் பழகி முதலாளியானவர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ஷா லிண்ட்சேயின் வாழ்க்கை அவர்களுக்குச் சொந்தக் கதை போலவே இருக்கும்.

1815-இல் ஏர் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாதிரியாரான உறவினர் ஒருவரிடம் வளர்ந்தார். 1831-இல் கையில் மூன்றரை ஷில்லிங்குடன் வீட்டை விட்டுக் கிளம்பி, கப்பலில் கரி அள்ளிக் கொட்டி, அதையே கட்டணமாக்கி லிவர்பூல் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏழு வாரம் பட்டினி. பிறகுதான் ‘இசபெல்லா’ என்ற கப்பலில் எடுபிடி வேலை கிடைத்தது. 1836-இல் அவரே ஒரு கப்பலின் தலைவர்! 1840-இல் கடலை விட்டுக் கரையேறி, நிலக்கரிக் கம்பெனி ஏஜெண்டாக இருந்து, 1845-இல் லண்டனில் கப்பல் தரகுத் தொழிலில் இறங்கினார். விரைவிலேயே பெரிய கப்பல் முதலாளிகளில் ஒருவரானார்.

1854-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அப்போது கிரிமியாவில் ரஷ்யாவுடன் போர். பிரிட்டிஷ் அரசிடம் பணம் இருந்தது, கப்பல் இருந்தது, சரக்கும் இருந்தது. ஆனால் குளிர்கால உடைகளை ஏற்றிச் சென்ற ‘பிரின்ஸ்’ கப்பல் 1854 நவம்பர் புயலில் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. வீரர்களுக்குக் காப்பிக்கொட்டையை வறுக்காமல் பச்சையாகவே வழங்கினார்கள். விறகுக்கே வழியில்லாத பனியில் அவன் எதை எரித்து வறுப்பான், எதில் இடிப்பான்? நம் கடைச் சிப்பந்தி இப்படிச் சரக்கு அனுப்பியிருந்தால் அன்று மாலையே கணக்கை முடித்து அனுப்பியிருப்போம். அங்கோ கேள்வி கேட்க ஆளில்லை.

லிண்ட்சே கேட்டார். கப்பல் வாடகையும் சரக்கேற்றமும் அறிந்தவர் என்பதால் கடற்படை நிர்வாகத்தின் சீர்கேட்டை அவையில் எடுத்து வைத்தார். 1855-இல் லண்டன் வணிகர்கள் நிர்வாகச் சீர்திருத்தச் சங்கம் அமைத்தபோது முன்னணியில் நின்றார். எழுத்தாளர் டிக்கன்ஸும் அந்தச் சங்க மேடையில் பேசினார். பதவி குலத்தைப் பார்த்து அல்ல, வேலை தெரிந்தவர்களுக்கே என்பது அவர்கள் கோரிக்கை. 1870-இல்தான் பிரிட்டனில் பெரும்பாலான அரசுப் பணிகளுக்குப் பொதுத் தேர்வு வந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு பருத்தி வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின. பம்பாய்ப் பருத்திக்கு எதிர்பாராத ஏற்றம் வந்தது. லிண்ட்சே அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் பக்கம் சாய்ந்தார். 1862-இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனையே நேரில் பார்த்துப் பேசினார். அதே ஆண்டு ஜூலையில் அவையில் தீர்மானமும் கொண்டு வந்தார். அது கரை சேரவில்லை. அவருடைய நண்பர் காப்டன் வடக்கின் பக்கம் இருந்தார். பருத்திப் பொதியைப் பார்த்த லிண்ட்சே, அதைச் சுமந்தவனின் முதுகைப் பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் கரி சுமந்தவர் என்பதால் வருத்தம் கூடுகிறது.

1864-இல் பக்கவாதம் அவரைச் சாய்த்தது. அரசியலை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். கப்பல் வணிகத்தின் வரலாற்றை நான்கு பெரிய தொகுதிகளாக 1874 முதல் 1876 வரை வெளியிட்டார். மறு ஆண்டே, 1877 ஆகஸ்டில், காலமானார்.