கண்டமேடைக் கடலடியும் அதன் சிறு கிறஸ்ரேசியாக்களும்

கடல்வளம் என்றதும் மீன், இறால், நண்டு என்பனவே நம் கருத்துக்கு வருகின்றன. அவற்றுட் பலவற்றுக்கு இரையாகும் சிற்றுயிர்கள் கடலடி மணலிலும் சேற்றிலும் வாழ்கின்றன. சந்தையில் விலைபெறாதவை ஆதலால் அவை பேச்சிலும் இடம்பெறுவதில்லை. இவற்றுள் முக்கியமானதொரு பிரிவு, பெரும்பாலும் சில மில்லிமீற்றர் நீளமேயுள்ள கிறஸ்ரேசியாக்கள், அதாவது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓடுடைய உயிர்கள். இவை கண்டமேடையெங்கும் ஒரே விதமாகப் பரந்திருப்பதில்லை. அவ்வேறுபாடு எவ்வாறு எழுகின்றது, அதனை அறிவதன் பயன் யாது என்பவற்றை, நன்கு ஆராயப்பட்ட ஆங்கிலக் கால்வாயின் மேற்குப் பகுதியைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

கண்டத்தின் விளிம்பு கடலுள் அமிழ்ந்து, ஏறக்குறைய 200 மீற்றர் ஆழம்வரை மெல்லச் சரிந்து செல்லும் பகுதியே கண்டமேடை. ஆங்கிலக் கால்வாய் இத்தகைய மேடையின் மீதே அமைந்துள்ளது. அங்கு வற்றுப்பெருக்கு நீரோட்டம் மிக வலியது. ஓட்டம் வலுத்த நடுப்பகுதிகளில் நுண்துணிக்கைகள் தங்குவதில்லை. பரலும் கூழாங்கல்லுமே எஞ்சுகின்றன. ஓட்டம் தணியும் விரிகுடாக்களில் நுண்மணலும் சேறும் படிகின்றன. ஆகவே ஆழம் தனித்து நின்று உயிர்களின் பரம்பலை நிர்ணயிப்பதில்லை. அலையும் ஓட்டமும் அடையலைத் தரம்பிரிக்கின்றன. அடையலின் தரம் உயிர்களைத் தெரிவுசெய்கின்றது.

இத்தெரிவின் தன்மையை உயிர்களின் வாழ்க்கை முறையிற் காணலாம். பதிபொரியா என்னும் அம்பிபொட்டு தூய மணலைக் குடைந்து, மணற்றுணிக்கைகளில் ஒட்டிய நுண்ணுயிர்களை உண்கின்றது. அம்பெலிஸ்கா என்னும் மற்றோர் அம்பிபொட்டு சேறு கலந்த நுண்மணலில் மென்மையான குழாயமைத்து, அதன் வாயிலிருந்தவாறே நீரில் மிதந்துவரும் உணவைச் சேர்க்கின்றது. கியூமேசியாக்கள் பகலில் அடையலின் மேற்படையுட் புதைந்திருந்து, இரவில் நீருள் எழுகின்றன. பரலும் கல்லும் உள்ள இடத்தில் குழாயமைப்பது அரிது. அங்கு கல்லிடுக்குகளில் ஒளிந்து வாழ்வனவும், கல்லில் வளரும் உயிர்களைப் பற்றி வாழ்வனவுமே நிலைபெறுகின்றன.

இவ்வுயிர்களின் இனப்பெருக்க முறையும் கருதற்பாலது. நண்டு, இறால் ஆகிய பலவற்றின் குடம்பிகள் நீரில் மிதந்து தொலைதூரம் செல்லவல்லவை. அம்பிபொட்டும் கியூமேசியாவும் அவ்வாறல்ல. தாய் தன் உடலின் அடிப்புறத்துள்ள பையில் முட்டைகளைத் தாங்குகின்றது. அவற்றினின்று வெளிவருவன தாயை ஒத்த குஞ்சுகளே. மிதக்கும் குடம்பிப் பருவம் இல்லையாதலால் அவை பிறந்த இடத்துக்கு அண்மையிலேயே வாழ்கின்றன. பரற்பரப்பால் சூழப்பட்ட நுண்மணற் பகுதி, அம்பெலிஸ்காவைப் பொறுத்தவரை ஒரு தீவேயாகும்.

இதன் விளைவு 1978 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 16 ஆந் திகதி அமொக்கோ காடிஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பிரான்சின் பிரித்தனிக் கரையோரம் பாறையில் மோதி, 220,000 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கடலிற் கொட்டியது. மொர்லே விரிகுடாவின் பியேர் நுவார் என்னும் நுண்மணற் பகுதியில் 1977 முதல் கடலடி உயிர்கள் ஒழுங்காக எண்ணப்பட்டு வந்தன. அங்கு மிகச் செறிந்திருந்த அம்பெலிஸ்கா இனங்கள் எண்ணெய் வந்தடைந்தபின் பெரும்பாலும் மறைந்தன. கடற்புழுக்கள் பல தாக்குப்பிடித்தன. ஷான் குளோட் தோவன் என்னும் ஆய்வாளர் இப்பகுதியை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அம்பெலிஸ்காக்கள் முன்னைய நிலைக்கு மீளப் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றது. மிதக்கும் குடம்பி இன்மையும், குறைந்த கருவளமும், தீவுகள் போன்ற பரம்பலுமே இத்தாமதத்தின் காரணங்கள்.

விபத்துக்கு முந்திய ஓராண்டுக் கணக்கு இல்லாதிருப்பின், கரையொதுங்கிய எண்ணெய் அகற்றப்பட்டதும் கடல் நலமுற்றது என்றே பலர் முடிவுகட்டியிருப்பர். மணலின் தோற்றம் மாறவில்லை. அதில் வாழ்ந்தவையே மாறின. மேலும், கண்டமேடை பல்வேறு அடையற் பகுதிகளால் ஆனதாதலால், ஓரிடத்திற் பெற்ற எண்ணிக்கையை மற்றோரிடத்துக்கு அளவுகோலாகக் கொள்ளல் பொருந்தாது. ஒவ்வோர் அடையற் பகுதிக்கும் தனிக்கணக்கு வேண்டும்.

இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை பெரும்பாலும் ஒடுங்கியது. கப்பற் பாதையோ தெற்கே மிக அண்மையிற் செல்கின்றது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி யூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல், இக்கடல் எத்தகைய ஆபத்துக்கு முகங்கொடுக்கின்றது என்பதைக் காட்டியது. ஒரு பேரிடரின் பின் கடற்றொழிலாளர் தம் இழப்பை நிறுவவேண்டின், அவர்தம் மீனின் உணவு முன்னர் எவ்வளவு இருந்தது என்ற சான்று வேண்டும். அச்சான்றைப் பேரிடரின் பின் தேடிப்பெற முடியாது. அமைதியான ஆண்டுகளில், ஆரவாரமின்றி, ஆண்டுதோறும் அள்ளி எண்ணிவைத்தலே விஞ்ஞானம் மக்களுக்கு ஆற்றவேண்டிய கடமை என நாம் கருதுகின்றோம்.