இதயம் தள்ளுகிறது, புன்னாடிகள் பங்கிடுகின்றன

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லீற்றர். உடம்பிலுள்ள குருதி முழுவதுமே அந்த அளவுதான். மருதமுனைக் கரையில் கரைவலை இழுப்பவருக்கு, இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் அளவு மூன்று மடங்குக்கு மேலும் ஏறலாம். நாளங்கள் வழியே கூடுதலாகக் குருதி திரும்பி வந்தால் இதயத்தசை அதற்கேற்ப இழுபட்டு, அடுத்த துடிப்பில் வலுவாகச் சுருங்கும். வந்ததைத் தேக்கி வைப்பது நல்ல இதயத்தின் வழக்கமல்ல.

ஆனால் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பங்கிடுவது இதயமல்ல, புன்னாடிகள் எனப்படும் மிகச் சிறிய நாடிகள். சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்து கிடந்தாலும், சம்மாந்துறையில் ஒரு வயலுக்கு எவ்வளவு பாயும் என்பது வாய்க்கால் கதவில் இருக்கிறது. உடம்பில் ஒரு வித்தியாசம்: கதவு திறக்க அதிகாரி வரவேண்டியதில்லை, காய்ந்த வயலே திறந்துகொள்ளும். வேலை செய்யும் தசையில் ஒட்சிசன் குறைந்து, காபனீரொட்சைட்டும் அமிலமும் கூடியதும் அங்குள்ள புன்னாடிகள் விரிகின்றன. குழாயின் உட்சுவர் சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டும் அதற்குத் துணை. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும் என்பதால், சிறிது விரிந்தாலே பெரிய மாற்றம். ஓய்வில் குருதியில் ஐந்திலொரு பங்கை வாங்கும் தசைகள், கடும் வேலையில் ஐந்தில் நான்கைக்கூட எடுத்துக்கொள்ளும். அப்போது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் பங்கு குறையும். மூளைக்குப் போவது மட்டும் பெரிதாக மாறாது.

எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் அமுக்கம் விழுந்துவிடும். அதைக் காப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள நீள்வளைய மையவிழையம். கழுத்து நாடியிலும் பெருநாடி வளைவிலும் உள்ள உணரிகள் அதற்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. தொழுகையில் ஸுஜூதிலிருந்து அடுத்த ரக்அத்துக்கு எழும்போது இது வேலை செய்வதைக் காணலாம். நிமிர்ந்ததும் அரை லீற்றருக்கு மேல் குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்தில் அமுக்கம் குறைகிறது. ஓரிரு துடிப்புக்குள் இதயம் வேகம் கூட்டும், சில விநாடிகளில் புன்னாடிகளும் நாளங்களும் இறுகும். தொழுபவருக்கு எதுவும் தெரியாது. முதுமையிலும், நீண்டகாலச் சலரோகத்திலும் இந்தப் பதில் தாமதிக்கும். அவர்கள் சுவரையோ கதிரையையோ பிடித்துக்கொள்வது அதனால்தான்.

மணிக்கணக்கான, நாட்கணக்கான கட்டுப்பாடு சிறுநீரகத்தின் கையில். நோன்பு நாளில் கல்முனை வெயிலில் வியர்வையாக நீர் போய்க் குருதியின் கனவளவு குறையும்போது, சிறுநீரகம் ரெனின் சுரந்து குழாய்களை இறுக்கவும் உப்பைப் பிடித்துவைக்கவும் வழிசெய்கிறது. மூளை அனுப்பும் இன்னொரு ஓமோன் நீரைச் சேமிக்கிறது. அசருக்குள் சிறுநீர் கடும் மஞ்சளாவது இதன் அடையாளம். நோன்பு துறந்து கஞ்சி இறங்கியதும் குருதி குடலை நோக்கித் திரும்பும். ‘பிரஷர்’ குளிசைகளில் பல இதே வழிகளைத்தான் தொடுகின்றன: சில ரெனின் தொடரைத் தடுக்கும், சில உப்பையும் நீரையும் வெளியேற்றும். ஆகவே ரமழானில் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றவேண்டுமா என்பதை, நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.