வியர்க்காத வெயில்

வசந்த விடுமுறைக்குப் பனியிலிருந்து தப்பித்து எங்கே போகலாம் என்று பேச்சு வந்தால், அரிசோனாவின் டூசான் நகரத்தைத் தயங்காமல் சொல்லலாம். கூடாரம் அடிக்க கில்பர்ட் ரே முகாம். அங்கிருந்து சில நிமிடக் கார்ப் பயணத்தில் சவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியும், அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகமும் இருக்கின்றன. நகரின் மறுபக்கத்தில் பூங்காவின் கிழக்குப் பகுதி; அங்கே சைக்கிள் ஓட்ட 8 மைல் தார்ச்சாலை. மார்ச் மாத வெயிலும் இதமானதுதான். அந்த இதத்தில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

நாங்கள் போனபோது என் மாமனாரும் உடன் வந்தார். "வேலூர் வெயிலில் வளர்ந்தவன் நான். இதெல்லாம் ஒரு வெயிலா? ஒரு சொட்டு வியர்க்கவில்லையே!" என்று பெருமையாகச் சொன்னார். காலை 11 மணிக்கு, போய்த் திரும்ப ஒரு மைல்கூட இல்லாத வேலி வியூ பாதையில், தலைசுற்றிப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அன்று வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. நிழலில் சாய்த்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் தெளிந்தார்.

அவருக்கு வியர்க்காமல் இல்லை. வியர்த்தது தெரியவில்லை, அவ்வளவுதான். சென்னையில் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாக வழியின்றிச் சொட்டுகிறது, சட்டை நனைகிறது, நாமும் தண்ணீரைத் தேடுகிறோம். டூசானில் வசந்த காலப் பிற்பகலில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போவது சாதாரணம். வியர்வை தோலுக்கு வந்தவுடன் காய்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல உடம்பும் குளிர்வதால் சுகமாகவே இருக்கும். ஆனால் பானையில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். மாலையில் கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

எனவே தாகத்தை நம்ப வேண்டாம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். விளையாடும் குழந்தையோ தாகத்தைச் சொல்லாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை தேவைப்படலாம். அதற்காக வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தியும் குழப்பமும் வரும். இங்கே நம் கட்டுச்சோறு கைகொடுக்கும். புளியோதரை, ஊறுகாய், உப்புப் போட்ட மோர் எல்லாம் நல்லதே. மோரை மட்டும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காக உப்பையோ தண்ணீரையோ குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாமனார் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு அவர் தினமும் எடுப்பது சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை. நீரிழிவுக்குத் தரப்படும் எம்பாகிலிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் சிறுநீர் வழியே நீரை வெளியேற்றுபவைதான். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளம்பும் முன் பாலைவனத்துக்குப் போகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலினைப் பூட்டிய காரில் விடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் ஐஸ்கட்டி நேரடியாகப் படக்கூடாது.

சைக்கிளில் இந்த ஏமாற்றம் இரட்டிப்பு. எதிர்க்காற்று வியர்வையை உடனுக்குடன் துடைத்துவிடும். நிறுத்திய பிறகுதான் தலை கிறுகிறுக்கும். அந்த 8 மைல் பாதை ஏற்ற இறக்கமானது, தொடக்கத்திலேயே செங்குத்தான இறக்கம் உண்டு. ஹெல்மெட் இல்லாமல் குழந்தைகளை விடவே வேண்டாம்.

அருங்காட்சியகம்தானே, ஏசியில் இளைப்பாறலாம் என்று உச்சிவெயிலுக்கு அதை ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான் திட்டமிட்டோம். 1952-இல் திறக்கப்பட்ட அந்த இடம் 98 ஏக்கர். பெரும்பகுதி திறந்தவெளி, சுமார் 2 மைல் நடைபாதை. காலையிலேயே போய்விடுங்கள். சவாரோ கள்ளியின் தண்டில் மடிப்பு மடிப்பாக இருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை.

யாருக்காவது பேச்சு குழறினாலோ, நடத்தை மாறினாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் 911-ஐ அழைத்து, உடனே உடம்பை நனைத்து விசிறுங்கள். அந்த வறண்ட காற்றில் ஈரத்துணியும் விசிறலும் நன்றாகவே வேலை செய்யும்.

சோயா என்ற கள்ளியின் முள்ளுருண்டை லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். தலைவாரும் சீப்பை இடையில் விட்டு நெம்பித் தள்ளுங்கள், மிச்ச முள்ளுக்குச் சாமணம். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது, 911 மட்டும்தான். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். சூரியன் மறைந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடும். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம்.

ஊர் திரும்பிய பின்னும் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அரிசோனா மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் நுண்வித்துகள் புழுதியோடு நுரையீரலுக்குப் போனால் 'வேலி ஃபீவர்' வரலாம். பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூட்டுவலி, கடும் அசதி தோன்றும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கடுமையாகலாம். வழக்கமான நிமோனியா மருந்துகள் இதற்குக் கேட்காது. பனிப்பிரதேச மருத்துவருக்கு இது சட்டென்று தோன்றாமலும் போகலாம். பயணம் முடிந்து இப்படிக் காய்ச்சல் வந்தால், "அரிசோனா போய் வந்தோம், ரத்தப் பரிசோதனை தேவையா?" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.