பல்கலைக்கழகத்தில் வலது குறைந்த மாணவர்: வசதிகளைக் கேட்டுப் பெறுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தகப்பனார் தம் மகளுடன் என்னைத் தேடி வந்தார். வயற்காணியை விட்டு இடம்பெயர்ந்து, கூலிவேலை செய்து பிள்ளையைப் படிப்பித்தவர். மகள் சிறுவயதில் ஷெல் வீழ்ந்து வெடித்ததில் ஒரு காதின் கேட்கும் சக்தியை முற்றாகவும் மற்றக் காதில் பாதியையும் இழந்தவள். அப்படியிருந்தும் உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனாள். முதலாவது பரீட்சையில் இரண்டு பாடங்கள் தவறிவிட்டன.

"விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பி நின்று கதைச்சா எனக்கு ஒண்டும் விளங்காது, பாதர்" என்றாள்.

"அதை அவரிட்டைச் சொன்னீரோ?"

தகப்பனார்தான் பதில் சொன்னார். "நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான். சொன்னா, இந்தப் பிள்ளைக்கு ஏலாதெண்டு நிப்பாட்டிப் போடுவினம்."

இந்தப் பயம் பல குடும்பங்களில் உண்டு. ஆகவே இதுபற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஊனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்பது இச்சட்டத்தின் ஏற்பாடு. பொதுமக்கள் செல்லும் கட்டடங்களை வலது குறைந்தோர் பயன்படுத்துவதற்குத் தடை விதிப்பதையும் அது விலக்குகிறது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களில் சாய்தளம் போன்ற அணுகும் வசதிகள் இருக்கவேண்டும் என்கின்றன. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. உயர்கல்வியில் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான ஒழுங்குகள் செய்யப்பட வேண்டும் என்றும், அவற்றை மறுப்பதும் பாரபட்சமே என்றும் அவ்வுடன்படிக்கை கூறுகிறது.

எனவே தேவையைச் சொல்வதால் பிள்ளையின் இடம் பறிபோகாது. சொல்லாமல் விட்டால்தான் நட்டம். பாடசாலையில் ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். பல்கலைக்கழக மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். அங்கே யாரும் தேடிவந்து விசாரிக்கமாட்டார்கள்.

எவற்றைக் கேட்கலாம்?

பார்வை குறைந்தவர் பெரிய எழுத்தில் அல்லது பிறெயில் எழுத்தில் வினாத்தாளையும், சொல்வதை எழுதும் உதவியாளரையும் கேட்கலாம். கேள்வி குறைந்தவர் முன்வரிசை ஆசனத்தையும், விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே தருமாறும் கேட்கலாம். கால் இழந்தவர் தமது வகுப்புகளையும் பரீட்சையையும் கீழ்த்தளத்தில் நடத்தும்படியும், விடுதியில் கீழ்மாடி அறை தரும்படியும் கேட்கலாம். கையில் காயப்பட்டு மெதுவாக எழுதுபவர் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கலாம்.

இவை சலுகைப் புள்ளிகள் அல்ல. கேள்விகளும் புள்ளியிடும் முறையும் எல்லோருக்கும் ஒன்றே. பிள்ளை தனக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்கு இருக்கும் தடை மட்டுமே அகற்றப்படுகிறது.

எப்போது கேட்பது?

சிறுபோகத்துக்கு முன் குளத்தடியில் கூட்டம் நடப்பது உங்களுக்குத் தெரியும். கடைசி வாய்க்காலில் காணி வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்திலேயே தன் தண்ணீர் முறையைக் கேட்டு வைப்பார். கதிர் வாடிய பின் கேட்டுப் பயனில்லை. இதுவும் அப்படித்தான். பதிவு செய்யும் நாளிலேயே கேளுங்கள். பரீட்சை முடிந்த பின், முன்னர் கேட்காத வசதிக்காக வழக்காடுவது கடினம்.

உயர்தரப் பரீட்சைக்கே இத்தகைய ஒழுங்குகள் உண்டு. அவற்றைப் பாடசாலை அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கவேண்டும். பல்கலைக்கழக அனுமதியிலும் வலது குறைந்தோருக்கு விசேட ஏற்பாடு உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அப்பகுதியை விண்ணப்பிக்கும் முன்பே வாசியுங்கள்.

என்ன பத்திரங்கள் வேண்டும்?

முக்கியமானது மருத்துவ அறிக்கை. இடம்பெயர்வில் பழைய அறிக்கைகள் தொலைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் அந்தத் துறைக்குரிய வைத்திய நிபுணரிடம் மீண்டும் பரிசோதித்துப் புதிய அறிக்கை பெறலாம். நோயின் பெயர் மட்டும் போதாது. அதனால் பிள்ளைக்கு எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் எழுதித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரின் கடிதமும் உதவும். மூலப் பிரதிகளை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். போட்டோப் பிரதிகளையே கொடுங்கள்.

கடிதம் எழுதுவது

பீடாதிபதிக்கு முகவரியிட்டு, பிரதியொன்றைப் பதிவாளருக்கும் அனுப்பவேண்டும். மாணவரே எழுதிக் கையொப்பமிடுவது நல்லது. மாதிரி:

"ஐயா/அம்மணி, நான் முதலாம் வருட மாணவி. எனக்கு இடது காது முற்றாகக் கேட்பதில்லை. வலது காது பாதியளவே கேட்கும். மருத்துவ அறிக்கையின் பிரதியை இணைத்துள்ளேன். பின்வரும் ஒழுங்குகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்: 1. முன்வரிசையில் ஆசனம். 2. விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே வழங்குதல். 3. பரீட்சை அறிவுறுத்தல்களை எழுத்தில் தருதல். தங்கள் முடிவை எழுத்தில் அறியத் தருமாறு வேண்டுகிறேன்."

குடும்பத்தின் துன்பக் கதை முழுவதையும் எழுதத் தேவையில்லை. தேவை என்ன என்பது தெளிவாக இருந்தால் போதும். கடிதத்தைக் கையளித்தால் உங்கள் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். அனுப்புவதானால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுத்தால்?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டது முழுவதும் கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா என்று பேசிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால் துணைவேந்தருக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடவும் இடமுண்டு. ஆனால் பல சிக்கல்கள் முதற் கடிதத்துடனேயே தீர்ந்துவிடுகின்றன.

அந்த மகளும் கடிதம் எழுதினாள். இரண்டு கிழமைக்குள் முன்வரிசை ஆசனமும் குறிப்புகளும் கிடைத்தன. தவறிய பாடங்களை மறுமுறை எழுதிச் சித்தியடைந்தாள். "இவ்வளவுதானோ? முதலே கேட்டிருக்கலாமே" என்றார் தகப்பனார்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்தால், இன்றைக்கே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள்.